தடுப்பு ஏன் இடம் மாற வேண்டும்

ராஜஸ்தானில் 2010-11இல் ஒரு சோதனை நடந்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களைப் பிடிக்கத் தோதான மூன்று இடங்களைக் காவல் நிலையம்தோறும் குறித்துக்கொண்டார்கள். சில நிலையங்களில், மூன்றில் சிறந்த ஒன்றில் மட்டும் திரும்பத் திரும்பச் சோதனைத் தடுப்பு போட்டார்கள். வேறு சிலவற்றில் மூன்றுக்கும் மாறிமாறிப் போனார்கள். நேரம் இரவு 7 முதல் 10 வரை. யாருக்கு எந்த முறை என்பது குலுக்கல் மாதிரிதான். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருந்த ஆய்வுக்குழு கணக்குப் பார்த்தபோது, இடம் மாறிய பகுதிகளில் இரவு விபத்து 17%, இரவு மரணம் 25% குறைந்திருந்தன. ஒரே இடத்தில் நின்றதால் சொல்லும்படியான பலன் இல்லை.

காரணம் எளிது. ஒரு தரம் தடுப்பில் மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதியவர் அடுத்த வாரம் பக்கத்துத் தெருவில் புகுந்து போய்விடுவார், நண்பர்களுக்கும் சொல்லிவிடுவார். மாற்றுவழியே இல்லாத பாலத்திலோ மலைப்பாதையிலோ ஒரே இடத்தில் நிற்கலாம். ஊருக்குள் அது செல்லாது.

எந்த மூன்று இடம் என்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். முந்தைய ஆண்டின் குடிபோதை வழக்குகளை வரைபடத்தில் புள்ளி வைத்தால், போலீஸ் எங்கே நின்றது என்றுதான் தெரியும். விபத்துப் பதிவிலும் மது சரியாக ஏறுவதில்லை. 100 மில்லி ரத்தத்தில் மது மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் இறங்கும். மோதும்போது 100 மில்லி ரத்தத்தில் 45 மி.கி. இருந்தவருக்கு, ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால் 15தான் வரும். சட்ட வரம்பு 30, ஆள் தப்பிவிடுவார். அதனால் ஆய்வாளர்கள் வேறொரு தடயத்தைப் பிடிக்கிறார்கள்: இரவில் ஒற்றை வண்டி தானாக மீடியனிலோ மரத்திலோ மோதியது. இதில் மதுவின் பங்கு அதிகம். சென்னை ஐஐடி உருவாக்கிய, சாலை விபத்துகளைப் பதியும் ஐராட் (iRAD) செயலியில் விபத்தின் இடமும் நேரமும் பதிவாவதால், இவற்றைத் தனியே பிரித்தெடுக்க முடியும்.

அதற்காக மரத்தடியிலேயே போய் நிற்கக் கூடாது. அது பயணம் முடிந்த இடம். பார் அல்லது மதுக்கடை எங்கே, அங்கிருந்து மரம்வரை எந்தச் சாலை என்று பின்னோக்கிப் பார்த்து, நடுவில் மூன்று இடம் குறிக்க வேண்டும். நேரமும் அப்படியே: விபத்து 11 மணிக்கு மேல் குவிந்தால், 10 மணிக்குத் தடுப்பைச் சுருட்டுவதில் அர்த்தமில்லை.

ஊதச் சொல்லும்போதும் இரண்டு தவறு நடக்கும். கடைசி மிடறு குடித்து 15 நிமிடம் ஆகாவிட்டால், வாயில் ஒட்டிய மதுவே அளவை ஏற்றிவிடும். பாதியில் நிறுத்தினால் நுரையீரல் ஆழத்துக் காற்று வராது, அளவு குறைவாகக் காட்டும். பத்து வண்டி வரிசை கட்டியதும் பின்னால் வருபவர் யு-டர்ன் போடுவார். அதனால் தடுப்புக்கு முன்னால் உள்ள கடைசித் திருப்பத்தில் ஒரு பைக்கில் இருவரை நிறுத்துவது உத்தமம்.