செந்தட்டியில் பஜ்ஜி வேண்டாம்

உதடு தடித்து, "தொண்டைக்குள்ள ஊசி ஊசியா குத்துது டாக்டர்" என்று வருகிறார்கள். விசாரித்தால், அழகர்மலை அடிவாரத்து வேலியில் பறித்த, தொட்டாலே அரிக்கும் செந்தட்டி இலையில் பஜ்ஜி. ஒருவர் இருவர் என்றால் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஐப்பசி மழைக்கு வேலியெல்லாம் இது படர்ந்து கிடக்க, ஆளும் வந்துகொண்டே இருக்கிறது. எல்லோருடைய செல்போனிலும் ஒரு வீடியோ: வெளிநாட்டுக்காரர் கையுறையோடு 'நெட்டில்' (nettle) என்கிற எரிக்கும் செடியின் இலையைப் பறித்து, கொதிநீரில் முக்கி, பொரித்துச் சாப்பிடுகிறார்.

"வெந்துட்டா சுணை செத்துரும்ல?"

அது வேறு செடி ஐயா! ஐரோப்பாவிலும் இமயமலைப் பக்கமும் கீரையாகச் சமைப்பது அந்த நெட்டில், அதாவது அர்டிகா இனம். கொதிநீர் பட்டதும் அதன் சுணை, அதாவது எரிக்கும் முடி, துவண்டுவிடும். நம் செந்தட்டி, அதாவது சிறுகாஞ்சொறி, ஆமணக்குக் குடும்பம். இரண்டும் எரிக்கும் என்பதைத் தவிர ஒட்டுமில்லை, உறவுமில்லை. இதன் சுணைக்குள் ஊசியாக நிற்பது கால்சியம் ஆக்சலேட் படிகம். தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் கரையாது. கடலைமாவுக்குள் ஒளித்துவைத்தால் நாக்குக்குத் தெரியாமல் போய்விடுமா?

"கருணைக்கிழங்கும்தான் அரிக்குது, புளி ஊத்திச் சாப்பிடலையா" என்று எதிர்க்கேள்வி வேறு. அது தலைமுறை தலைமுறையாகப் பக்குவம் தெரிந்த கிழங்கு. செந்தட்டியை உங்கள் அப்பத்தா என்றைக்காவது சமைத்தாரா என்று கேட்டால் பதில் இல்லை. சித்த மருத்துவத்தில் இதன் வேர் மருந்தாகிறது, உண்மைதான். அதைப் பக்குவம் செய்வது சித்த மருத்துவரின் வேலை, உங்கள் வடைச்சட்டியின் வேலை அல்ல.

கையில் சுணை பட்டால் தேய்க்காதீர்கள், சொறியாதீர்கள். செலோடேப்பை ஒட்டி உரித்தெடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவி காலமைன் தடவுங்கள். சுண்ணாம்பு கூடவே கூடாது. அரிப்பைவிடச் சுண்ணாம்பு வெந்த புண்ணுக்குத்தான் நான் அதிக நாள் வைத்தியம் பார்க்கிறேன். சாப்பிட்டுவிட்டீர்களா? வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்காதீர்கள். நாக்கு வீங்கினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, மூச்சு இழுத்தாலோ யாரையும் யோசனை கேட்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மழைக்குச் சூடாக ஏதாவது வேண்டுமென்றால் தொட்டியிலேயே கற்பூரவல்லி இருக்கிறது, அதில் போடுங்கள் பஜ்ஜி.

இன்னொரு வேண்டுகோள். எந்தச் செடி என்று காட்ட, பையில் போட்டு கிளினிக்குக்கே கொண்டுவந்துவிடுகிறீர்கள். படம் எடுத்து வந்தால் போதும். போன தடவை பையைப் பிரித்த சிஸ்டருக்கும் சேர்த்து நான்தான் மாத்திரை எழுதினேன்.