மழலையின் முறை

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டின் பல்கனியிலிருந்து, கடலோரத் தண்டவாளத்தில் செல்லும் ரயிலைப் பார்க்கும் ஒன்றரை வயதுப் பிள்ளை, விரலை நீட்டி "கோச்சி" என்கிறது. "ஓம், பெரிய கோச்சி போகுது. எங்க போகுது?" என்று கேட்டுவிட்டு அம்மம்மா பேசாமல் இருக்கிறார். அந்த மௌனம் மிகவும் பயனுள்ளது.

ஏறத்தாழ 9 மாதம் முதல் ஒரு வயதுக்குள் குழந்தைகள் மற்றவரோடு சேர்ந்து ஒரே பொருளைக் கவனிக்கத் தொடங்குகிறார்கள். பிள்ளை பார்ப்பதையே பெரியவரும் பார்த்துப் பேசும்போது, கேட்ட சொல் எந்தப் பொருளைக் குறிக்கிறது என்று தேட வேண்டியதில்லை. பிள்ளையின் ஒற்றைச் சொல் வாக்கியமாக வளர்ந்து திரும்பி வருவதால், திருத்தாமலே இலக்கணமும் புலப்படுகிறது. ரயில் மறைந்ததும் "கோச்சி போட்டுது" என்றால், வினைமுற்றின் மாற்றத்தில் காலம் மாறியதும் கண்ணெதிரே விளங்குகிறது.

2018இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். பிள்ளையும் பெரியவரும் மாறி மாறிப் பேசிய தடவைகள் அதிகமாக இருந்தவர்களிடம், கதை கேட்கும்போது மூளையில் பேச்சோடு தொடர்புடைய புரோக்கா பகுதி கூடுதலாக இயங்கியது. பெரியவர்கள் பேசிய சொற்களின் மொத்த எண்ணிக்கை இதை விளக்கவில்லை. இது ஒரு தொடர்பே, காரணத்துக்கான நிரூபணம் அன்று. எனினும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் நம்மை இது நிதானிக்க வைக்க வேண்டும்.

பெரியவர்களின் உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி பொதுவாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்களவே. கேட்டதை விளங்கி, சொல்லைத் தேடி, நாவையும் உதட்டையும் அதற்கு இசைவிக்க வேண்டிய பிள்ளைக்கு அது போதாது. நாமோ அதற்குள் பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். "இது என்ன நிறம்?" என்ற பரீட்சைக் கேள்விகளும் ஒரு சொல்லோடு பேச்சை முடித்துவிடுகின்றன.

உள்ளங்கையில் கீரை கடைந்து, "நண்டூருது, நரியூருது" என்று விரல்களைக் கைவழியே நடத்திச் செல்லும் நம் பழைய விளையாட்டில் இந்தக் காத்திருப்பு இயல்பாகவே இருக்கிறது. கிச்சுகிச்சு மூட்டுவதற்குச் சற்று முன் விரல்களை நிறுத்திப் பாருங்கள். பேச்சு வராத குழந்தையும் முகத்தைப் பார்க்கும், கையை நீட்டும், கீச்சிடும்: அதுதான் அதன் முறை.