30 என்று எழுதியிருந்தது. 30 என்ன என்று யாரும் பார்க்கவில்லை

ஒரு ஜாவா ப்ராஜெக்டில் யாரும் சொந்தமாக எழுதாத ஃபைல் ஒன்று இருக்கிறதென்றால், அது லாக்கிங் கான்ஃபிக்தான்: அப்ளிகேஷன் தான் செய்வதை வரிவரியாகக் குறித்துவைக்கும் பதிவேட்டை (லாக்) எப்படி எழுதுவது என்று சொல்லும் ஃபைல். பழைய ப்ராஜெக்டிலிருந்து காப்பி அடித்துப் புதியதில் போடுவோம். கன்சோலில் நாலு வரி ஓடினால் சரி, வேலை முடிந்தது. ஒருமுறை நான் திறந்து பார்த்த லாக்பேக் (ஜாவாவில் லாக் எழுதும் லைப்ரரி) எக்ஸ்எம்எல் ஒன்றில், அந்த அப்ளிகேஷனில் இல்லவே இல்லாத மூன்று பேக்கேஜ்களுக்கு லெவல் (எவ்வளவு நுணுக்கம் வரை எழுத வேண்டும் என்ற அளவு) போட்டு வைத்திருந்தார்கள். வாடகை வீட்டுக்குப் பழைய குடித்தனக்காரர் பெயரில் தபால் வந்துகொண்டே இருக்குமே, அது மாதிரி.

பதின்மூன்று ஆண்டுகளாக ஜாவா பேக்எண்ட் வேலை பார்க்கிறேன். என்னைத் தூங்கவிடாமல் அடித்த ப்ரொடக்ஷன் பிரச்சினைகளில் பாதி, கோடில் இருந்த தவறுகள். மீதிப் பாதியில், கோடில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் போனதுதான் பெரிய தலைவலி. எழுதப்போவது அந்த இரண்டாவது பாதியைப் பற்றி.

சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் பில்லிங் அப்ளிகேஷன். ஒரு திங்கட்கிழமை காலை, வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரே சரக்குக்கு இரண்டு பில் போயிருப்பதாகப் புகார் வந்தது. பில் போனது முந்தைய செவ்வாய்க்கிழமை. ஆறு நாள் பழைய லாக் வேண்டும். கான்ஃபிக்கில் மேக்ஸ் ஹிஸ்டரி, அதாவது பழைய லாக் எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்ற எண், 30 என்று இருந்தது. முப்பது நாள் இருக்கிறதே, கவலையில்லை என்று சர்வருக்குள் போனால், ஞாயிறு அதிகாலைக்கு முந்தைய ஒரு ஃபைல்கூட இல்லை.

யாராவது அழித்துவிட்டார்களா என்று ஆள் ஆளாக விசாரித்தோம். யாரும் தொடவில்லை. லாக்பேக்கே அழித்திருந்தது, நாங்கள் சொன்னபடியே. அதில் மேக்ஸ் ஹிஸ்டரிக்குத் தனி அலகு கிடையாது. லாக் ஃபைலின் பெயரில் தேதி எந்த அளவு வரை வருகிறதோ, அதுதான் அலகு. பெயரில் ஆண்டு, மாதம், நாள் வரை இருந்தால் 30 என்பது முப்பது நாள். மாதத்தோடு நின்றால் முப்பது மாதம். எங்கள் அணியில் யாரோ, ஒரு நாள் ஃபைல் பெரிதாகிறது, திறக்கவே முடியவில்லை என்று சொல்லி, பெயரில் மணியையும் சேர்த்திருந்தார். நல்ல எண்ணத்தில் செய்த மாற்றம்தான். அந்த நிமிடமே முப்பது நாள் முப்பது மணி நேரம் ஆகிவிட்டது. மேக்ஸ் ஹிஸ்டரி வரியை யாரும் தொடாததால் ரிவ்யூவில் அது கண்ணில் படவே இல்லை. ஆதாரம் இல்லாததால் வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தவறு யாருடையது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதே எண்ணின் இன்னொரு பக்கமும் உண்டு. அளவையும் தேதியையும் சேர்த்து ஃபைலைச் சுழற்றும்போது, அதாவது பழையதை மூடிப் புதியதைத் தொடங்கும்போது, ஒரு ஃபைல் 100 எம்பி, மேக்ஸ் ஹிஸ்டரி 30 என்று போட்டால் மொத்தம் 3 ஜிபிதான் ஆகும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். 30 என்பது நாட்களின் எண்ணிக்கை. ஃபைல்களின் எண்ணிக்கை இல்லை. ஒரு மோசமான நாளில் 100 எம்பி ஃபைல் இருநூறுகூட உருவாகும். அதற்கு அணை போடுவது டோட்டல் சைஸ் கேப் என்ற தனி வரி. நான் பார்த்த காப்பி அடித்த கான்ஃபிக்குகளில் பெரும்பாலானவற்றில் அது இல்லை.

அணை இல்லாத வீட்டில் வெள்ளம் வரும் விதம் எப்போதும் ஒன்றுதான். ஒரு சிக்கலைப் பிடிக்க யாராவது லெவலை மிக நுணுக்கமான ட்ரேஸுக்கு இறக்குவார்கள், சிக்கல் தீர்ந்ததும் மறந்துவிடுவார்கள். டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரியான ஹைபர்னேட் ஒவ்வொரு எஸ்க்யூஎல் கட்டளையையும் அதன் மதிப்புகளோடு எழுதித் தள்ளும். டிஸ்க் 100 சதவீதம். நள்ளிரவில் ஒருவர் சர்வருக்குள் போய் பெரிய லாக் ஃபைலை அழிப்பார். ஃபைல் மறைந்துவிடும், இடம் மட்டும் திரும்பாது! லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் ஒரு ஃபைலைத் திறந்து பிடித்திருக்கும்வரை, பெயரை அழித்தாலும் இடம் விடுபடாது. அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அல்லது முதலிலேயே அழிப்பதற்குப் பதில் ஃபைலின் உள்ளடக்கத்தைக் காலி செய்திருக்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்ட இரவில், அழித்தவர் நானேதான்.

டாக்கரில் (அப்ளிகேஷனைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி) ஓடுகிறது, கன்சோலுக்குத்தான் எழுதுகிறோம், எங்களுக்கு ஃபைல் தொல்லையே இல்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டாக்கரின் இயல்பான ஜேசன் ஃபைல் டிரைவர், கன்சோலில் வருவதை ஹோஸ்டில், அதாவது டாக்கர் ஓடும் மெஷினில், ஒரு ஃபைலாகத்தான் சேர்க்கிறது. நீங்களாக அளவு சொல்லாவிட்டால் அதற்கு எல்லை இல்லை.

சரி, பில்லிங் கதைக்குத் திரும்புவோம். மேக்ஸ் ஹிஸ்டரியைச் சரிசெய்து மூன்று மாதம் ஆனபின் இன்னொரு புகார். இந்த முறை அந்த நாளின் லாக் பத்திரமாக இருந்தது. ஆனால் மாதக் கடைசி நாள் மாலை, பில் குவியும் நேரத்தில், நடுநடுவே வரிகளைக் காணோம். கோரிக்கை வந்ததற்கு வரி இருக்கிறது, பில் உருவானதற்கு இல்லை. அடுத்த கோரிக்கைக்கு அப்படியே தலைகீழ். முதலில் கோடைத்தான் சந்தேகப்பட்டோம், இரண்டு நாள் வீணாயிற்று.

காரணம் அசிங்க் அப்பெண்டர். அப்பெண்டர் என்பது லாக் வரியைக் கொண்டுபோய் எழுதும் பகுதி. வேகத்துக்காக எப்போதோ சேர்த்தது. லாக் வரிகளை நேரடியாக டிஸ்க்கில் எழுதாமல் ஒரு வரிசையில் போட்டுவிட்டு அப்ளிகேஷன் தன் வேலையைப் பார்க்கப் போகும். பின்னாலிருந்து ஒரு த்ரெட் (இணையாக ஓடும் வேலை) அதை எடுத்து எழுதும். லாக்பேக்கில் அந்த வரிசையின் இயல்பான நீளம் 256. வரிசையில் காலியிடம் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் முக்கியம் குறைந்த லெவல்களான ட்ரேஸ், டீபக், இன்ஃபோ வரிகளைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். வார்னும் எரரும் மட்டும் உள்ளே போகும். பிழை அல்ல, ஆவணத்திலேயே எழுதியிருக்கும் வடிவமைப்புதான். ஆனால் எங்கள் பில் வரிகள் எல்லாமே இன்ஃபோ. சுமை ஏறும்போது, அதாவது லாக் மிகவும் தேவைப்படும் அதே நேரத்தில், அவைதான் முதலில் போயின.

எப்போது தள்ளத் தொடங்குவது என்ற எல்லையான டிஸ்கார்டிங் த்ரெஷோல்டை 0 என்று வைத்தால் எதையும் தள்ளாது. அதற்கும் ஒரு விலை உண்டு. வரிசை நிரம்பிவிட்டால், இடம் கிடைக்கும்வரை அப்ளிகேஷனின் த்ரெட்டுகள் காத்து நிற்கும். டிஸ்க் மெதுவானால் வாடிக்கையாளருக்குப் போகும் பதிலும் மெதுவாகும். எது வேண்டும் என்று தொழிலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நாங்கள் பணம் தொடர்பான வரிகளை அசிங்க்கிலிருந்து வெளியே எடுத்து, நேராக எழுதும் தனி அப்பெண்டரில் போட்டோம். மற்ற வரிகள் போனால் போகட்டும். அப்படித் தனியாகப் பிரிக்கும்போது அந்த லாகருக்கு அடிட்டிவிட்டியை (வரியைப் பொது அப்பெண்டருக்கும் அனுப்பும் அமைப்பு) ஃபால்ஸ் என்று வைக்க மறந்தால், ஒரே வரி இரண்டு இடத்திலும் விழும். இரட்டை பில்லைத் தேடும் இடத்தில் இரட்டை லாக் வரி என்ன குழப்பம் செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். செய்தது.

ஸ்டாக் ட்ரேஸ் (பிழை எந்தெந்த வரி வழியாக வந்தது என்ற பட்டியல்) பற்றி ஒரு பக்கக் குறிப்பு. பிழையைப் பிடிக்கும் கேட்ச் பிளாக்கில் எக்ஸெப்ஷனின் மெசேஜை மட்டும் எழுதாமல், எக்ஸெப்ஷனையே கடைசி ஆர்கியுமென்ட்டாகக் கொடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சரியாகக் கொடுத்தும் சில சமயம் வெறும் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் என்ற பெயர் மட்டும் வரும், கீழே ஒரு வரிகூட இருக்காது. ஒரே இடத்தில் அது திரும்பத் திரும்ப வெடித்தால், ஜாவா கோடை ஓட்டும் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம் ஒரு கட்டத்துக்கு மேல் ஸ்டாக் ட்ரேஸைத் தயாரிப்பதையே நிறுத்திவிடும். அதை அணைக்க ஜேவிஎம் ஆப்ஷன் உண்டு. இல்லாவிட்டால், அது முதன்முதலில் வெடித்த நேரத்தின் லாக்கைத் தேடிப் போக வேண்டும். அது மூன்று நாளுக்கு முன்பாக இருக்கும், உங்களிடம் முப்பது மணி நேரம்தான் இருக்கும்.

மொத்தமாக ஊமையாகிவிடும் வகை ஒன்றும் உண்டு. ஜாவாவில் பெரும்பாலான கோட் எஸ்எல்எஃப்4ஜேவிடம்தான் பேசுகிறது. அது வெறும் வாசல். உண்மையில் எழுதுவது லாக்பேக்கோ லாக்4ஜே 2-ஓ. எஸ்எல்எஃப்4ஜேவின் 2.0 பதிப்பில், பின்னால் இருப்பவரைத் தேடும் முறையே மாறிவிட்டது. வாசலை மட்டும் 2.0-க்கு ஏற்றிவிட்டு, பின்னால் லாக்பேக் 1.2-ஐ விட்டுவைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளாது. தொடக்கத்தில், ப்ரொவைடர் எதுவும் இல்லை என்று சில வரி எச்சரிக்கை வரும். அப்புறம் மயான அமைதி. அப்ளிகேஷன் அருமையாக ஓடும். எங்கள் அணியில் ஒரு சர்வீஸுக்கு இது நடந்தபோது ஒரு வாரம் யாருக்கும் தெரியவில்லை. டிஸ்க் பயன்பாடு குறைந்திருக்கிறது என்று ஒருவர் மகிழ்ச்சியாக மெயில்கூட அனுப்பினார்.

இல்லாத லாக்கைப் பற்றியே புலம்பிக்கொண்டிருக்கிறேன். இருக்கக் கூடாத லாக் அதைவிட மோசம். 2018 மே மாதம் ட்விட்டர் தன் முப்பத்துமூன்று கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொன்னது. கடவுச்சொற்களை ஹாஷ் செய்துதான் (திருப்பிப் படிக்க முடியாத வடிவில்) வைத்திருந்தார்கள். ஆனால் ஹாஷ் ஆவதற்கு முன்பே அவை உள் லாக் ஒன்றில் அப்படியே விழுந்துகொண்டிருந்தன. யாரும் கடவுச்சொல்லை எழுது என்று கோட் எழுதியிருக்க மாட்டார்கள். நம் ஊர் ப்ராஜெக்டுகளிலும் இது வருவது ஒரே வழியாகத்தான்: வந்த ரிக்வெஸ்டை அப்படியே ஒரு வரியில் எழுதுவது. அந்த ஆப்ஜெக்டில் ஆதார் எண் இருக்கும், ஓடிபி இருக்கும், ஆப்ஜெக்டை எழுத்தாக்கும் டூ ஸ்ட்ரிங்கை லாம்பாக் என்ற லைப்ரரி தானே எல்லா ஃபீல்டுகளோடும் தயாரித்துக் கொடுத்திருக்கும். மேலே சொன்ன ஹைபர்னேட் வெள்ளத்திலும் இதே மதிப்புகள்தான் ஓடும். டேட்டாபேஸுக்கு ஆயிரம் பூட்டு. லாக் ஃபோல்டரை ஆபரேஷன்ஸ் ஆட்கள் முதல் வெளி ஒப்பந்தக்காரர்வரை எல்லோரும் படிப்பார்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் என்று இருக்கிறது. இவற்றை மாஸ்க் செய்ய (மறைத்து எழுத) கான்ஃபிக்கில் வழி இருக்கிறது என்றாலும் நான் அதைக் கடைசி வலையாகத்தான் வைப்பேன். முதலில் அந்த வரியை எழுதாமல் இருக்க வேண்டும்.

பயனர் அனுப்பியதை அப்படியே லாக்கில் எழுதுவதன் உச்சம் 2021 டிசம்பரில் தெரிந்தது. லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை. லாக்4ஜே 2, எழுதவேண்டிய செய்திக்குள் டாலர் குறியும் அடைப்பும் சேர்ந்து வந்தால் அதை ஒரு தேடலாக எடுத்துக்கொண்டு, ஜேஎன்டிஐ என்ற ஜாவாவின் பெயர் தேடும் வசதி வழியாக வெளி சர்வருக்குப் போய்க் கேட்கும். அங்கிருந்து வரும் கோடை ஓட்டவும் வழி இருந்தது. மைன்கிராஃப்ட் சாட்டில் ஒரு வரி தட்டச்சு செய்தாலே சர்வர் கைக்கு வந்துவிடும் நிலை. தீவிரம் 10-க்கு 10. 2.15.0-இல் தொடங்கி 2.17.1 வரை ஒரே மாதத்தில் நான்கு வெளியீடுகள்.

அந்த வார இறுதியில் பேட்ச் போடுவதைவிட, எங்கே போடுவது என்று தெரியாததுதான் எங்களைப் படுத்தியது. ஜாருக்குள் (ஜாவா கோடைக் கட்டிய பொதி) ஜார், அதற்குள் இன்னொன்று. ஸ்ப்ரிங் பூட் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க் இயல்பாக லாக்பேக்கைத்தான் பயன்படுத்துகிறது, அதற்கு இந்த ஓட்டை பொருந்தாது. ஆனால் லாக்4ஜே ஏபிஐ என்ற பெயரில் ஒரு ஜார் உள்ளே இருந்ததால் ஓட்டை தேடும் ஸ்கேனர் கூச்சல் போட்டது. ஓட்டை இருந்தது கோர் ஜாரில். இன்னொரு பக்கம், நாங்கள் இன்னும் லாக்4ஜே 1-இல் இருக்கிறோம், தப்பித்தோம் என்று மார்தட்டியவர்களும் உண்டு. அந்தப் பதிப்புக்கு 2015 ஆகஸ்டோடு ஆதரவே முடிந்துவிட்டது. அதற்கென்று தனி ஓட்டைகளும் உண்டு.

போன வாரம் அணியில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒரு புது சர்வீஸின் கான்ஃபிக்கை ரிவ்யூவுக்கு அனுப்பியிருந்தார். அதிலும் மேக்ஸ் ஹிஸ்டரி 30. “இது நாளா, மணியா?” என்று கேட்டேன். பெயரைப் பார்த்துவிட்டு, “நாள்தான் அண்ணா” என்றார். “மொத்தம் எவ்வளவு வரும்?” பதில் இல்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு கோரிக்கைக்கு நாலு வரி, வரிக்குச் சுமார் 250 பைட், ஆக ஒரு கேபி. நாளைக்குப் பத்து லட்சம் கோரிக்கை என்றால் 1 ஜிபி. ஃபைல் பெயரை ஜிஇசட் என்று முடித்தால் லாக்பேக்கே சுருக்கிவிடும். எங்கள் லாக்குகள் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகின்றன. அப்போது நாளைக்கு 100 எம்பி. 2022 ஏப்ரலில் வந்த, இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் உத்தரவு 180 நாள் லாக் கேட்கிறது. அது 18 ஜிபி, ஸ்டோரேஜுக்கு அனுப்பிவிடலாம். சர்வரில் 14 நாள் போதும், அது ஒன்றரை ஜிபிகூட வராது. டோட்டல் சைஸ் கேப் 5 ஜிபி என்று போட்டார். ஏன் 5 என்று மேலே ஒரு வரிக் கருத்து எழுதச் சொன்னேன். எழுதினார், கீழே இருந்த, இந்த சர்வீஸில் இல்லாத ஒரு பேக்கேஜின் லெவலையும் அவராகவே அழித்திருந்தார்.