‘ஏலே’ போட்டால் ஆள் வந்துவிடாது

செம்மையாக்கத்துக்கு இன்னொரு நாவல் வந்திருக்கிறது. கதை திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலில் நடக்கிறது, முதல் பக்கத்திலேயே ஏழெட்டு ‘ஏலே’, நாலு ‘மூதி’, போதாக்குறைக்கு அல்வா. ஆளைத்தான் காணோம். எழுதியவரைக் கேட்டால், “நம்மூர்ப் பேச்சு அப்படியே வந்திருக்குல்லா?” என்கிறார்.

ஐயா சாமி, வட்டார வழக்கு வேறு, பாத்திரம் வேறு. திருநெல்வேலியில் யாரும் எல்லாரிடமும் ‘ஏலே’ போட்டுப் பேசுவதில்லை. டீக்கடையில் கூட்டாளியை ‘ஏலே’ என்கிறவன்தான் முதலாளியைக் கண்டதும் ‘அண்ணாச்சி’ என்று குழைகிறான், வீட்டில் அப்பா முன்னால் வாயே திறப்பதில்லை. அதை எழுதினால் ஆள் தெரிவான். எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) 1982-ல் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாகவே தொகுத்துக் கொடுத்தார். அதை விரித்து வைத்துக்கொண்டு வரிக்கு ஒன்றாகத் தூவுகிறார்கள், அதுவும் கோவில்பட்டிச் சொல்லை அம்பாசமுத்திரத்து ஆச்சி வாயில். (ஒற்றுப்பிழை என்றால் நானே திருத்திவிடுவேன்.)

இந்த நாவலில் பீடி சுற்றும் அக்கா ஒருத்தி வருகிறாள். ‘ஏழை, பாசக்காரி, வைராக்கியமானவள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பீடிக் கடையில் நிறுத்துக் கொடுக்கும் இலை மோசமாக இருந்தால் 1000 பீடிக்குக் காணாது, குறைவதைக் கைக்காசு போட்டு வெளியே வாங்கித்தான் கணக்கை நேர் பண்ண வேண்டும், அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். சரி, அந்தக் காசு ஏது? மகள் நோட்டு வாங்க வைத்திருந்ததா? எடுத்ததை அவளிடம் சொன்னாளா? கடைக்காரர் பீடிக் கட்டைப் பிரித்து நாலைந்தைக் கழித்துப் போடும்போது பேசாமல் நின்றவள், வீட்டுக்கு வந்து, சொளவை (முறத்தை)த் தெரியாமல் தட்டிவிட்ட மகளை “கண்ணு என்ன பொடதியிலயா (பிடரியிலா) இருக்கு” என்று ஏசட்டும். அப்புறம் ‘பாசக்காரி’யை அடித்துவிடலாம், வாசகருக்கே தெரியும்.

ராசி, பிடித்த சாப்பாடு, மச்சம் என்று படிவம் நிரப்பிக்கொண்டு இருக்காதீர்கள், ரேஷன் கார்டுதான் மிஞ்சும். அந்தக் கடைக்காரரையும் வெறும் வில்லனாக்க வேண்டாம், அவரையும் கம்பெனியில் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரைப் பெயரோடு தூக்கி வைத்தாலும் உயிர் வராது, வழக்குதான் வரும்.

கடைசியாக ஒன்று, கெஞ்சிக் கேட்கிறேன். பெயர்களை மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். யார் பேசுகிறார் என்று உங்களுக்கே பிடிபடவில்லையென்றால் இப்போது எனக்கு அனுப்ப வேண்டாம், இன்னும் ஒரு மாசம் ஆகட்டும்.