விசா: 'பார்த்தாயிற்று' என்று ஒரு குறிப்பு

விசா என்றால் வேறொரு நாட்டுக்குள் நுழைய அனுமதி என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறோம். சொல்லின் மூலப்பொருள் அதுவல்ல. இலத்தீனில் 'கார்த்தா வீசா' என்றால் 'பார்க்கப்பட்ட தாள்'. பார்த்தலைக் குறிக்கும் 'விதேரே' என்ற வினையிலிருந்து பிறந்தது வீசா. வீடியோ, டெலிவிஷன் இரண்டிலும் இருப்பது அதே வினைதான். அறிதலைக் குறிக்கும் வடமொழி 'வித்' என்பதும் இதே வேரில் கிளைத்தது. நாம் வாய் ஓயாமல் சொல்லும் 'வித்தை'க்கும் விசாவுக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு உண்டு!

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்த சொல் இது. தமிழ்நாட்டில் விசா என்கிறோம். இலங்கைத் தமிழர் வீசா என்று நெடிலோடு எழுதுகிறார்கள். இலத்தீனிலும் அது நெடில்தான்.

ஏன் 'பார்க்கப்பட்டது'? தூதரக அதிகாரி ஒருவர் பயணியின் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்து, 'பார்த்தேன், ஆட்சேபம் இல்லை' என்ற பொருளில் அதிலேயே எழுதிக் கையொப்பமிட்டுத் தந்த வழக்கத்திலிருந்து வந்தது. கோப்பில் மேலதிகாரி 'பார்வையிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதைப் போன்றதுதான். முதல் உலகப் போரையொட்டி நாடுகள் எல்லையை இறுக்கியபோது, இந்தக் குறிப்பு பயணத்துக்குக் கட்டாயமாயிற்று.

இந்த மூலப்பொருளை மனத்தில் வைத்துக்கொண்டால் விசா விதிகளில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். விசா என்பது முன்கூட்டியே பார்த்து முடித்ததற்கான அடையாளம். உள்ளே விடுவதா என்ற முடிவு, போய் இறங்கும் இடத்தில் குடிவரவு அதிகாரியின் கையில்தான் இருக்கிறது. அமெரிக்க விசாவில் அச்சாகியிருக்கும் கடைசித் தேதி, அந்த விசாவைக் காட்டி எல்லைக்கு வந்து சேர்வதற்கான கெடு. எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கிய இடத்து அதிகாரி முடிவு செய்து 'ஐ-94' என்ற பதிவில் குறிப்பார். விசாத் தேதியைத் தங்கும் தேதியாக எண்ணிக்கொண்டு இருந்துவிட்டால், அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது அது பெரும் சுமையாக வந்து நிற்கும்.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒட்டியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஜூன் 1 முதல் ஜூன் 30 வரை என்று இரண்டு தேதிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் அத்தோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதே ஒட்டியில் தங்கும் நாள் 15 என்று இருந்தால், அந்த ஒரு மாதத்துக்குள் 15 நாள் மட்டுமே இருக்கலாம். போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். எத்தனை முறை நுழையலாம் என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் ஒன்று என்றிருந்தால், இடையில் ஷெங்கனில் சேராத அயர்லாந்துக்குப் போனவர் அதே விசாவில் திரும்ப நுழைய முடியாது. பல முறை நுழையும் விசா வைத்திருப்பவருக்கும் பொது வரம்பு எந்த 180 நாளிலும் 90 நாள்தான். ஜனவரியில் தொடங்கி எண்ணும் கணக்கல்ல இது. தங்கும் ஒவ்வொரு நாளிலிருந்தும் 180 நாள் பின்னோக்கி எண்ண வேண்டும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'நுழைவுச்சீட்டு' என்று சிலர் எழுதுகிறார்கள். அது காசு கொடுத்து வாங்கும் டிக்கெட்டின் பெயர், விசாவுக்கு ஆகாது. 'நுழைவு அனுமதி' புரியும், ஆனால் அனுமதி வடசொல். நுழைவு, இசைவு இரண்டும் சேர்ந்த 'நுழைவிசைவு' என் தேர்வு. இசைதல் என்றால் உடன்படுதல். ஒரு நாடு நம் வரவுக்கு உடன்படுகிறது என்ற மரியாதை அதில் இருக்கிறது. மூலச்சொல்லை விட இது கொஞ்சம் கூடுதலாக வாக்களிக்கிறது என்ற குறை உண்டுதான். அதைத் தெரிந்துகொண்டே எழுதுகிறேன். பேச்சில் விசா என்பதே போதும்.

'வருகை விசா' என்ற தொடர்தான் உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது. சுற்றிப் பார்க்கப் போவதற்கான விசாவையும் அப்படிச் சொல்கிறார்கள், விமானம் இறங்கியபின் அங்கேயே தரும் விசாவையும் அப்படியே சொல்கிறார்கள். முன்னதைக் கையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். அதனால் முதலாவதைச் 'சுற்றுலா விசா' என்றும், இரண்டாவதை 'இறங்கியபின் விசா' என்றும் பிரித்து எழுதுவது நல்லது.

குடிபெயர்வோருக்கு இன்னொரு சொல் வேண்டும். பல நாடுகளில் விசா வாசல்வரைக்கும்தான்; உள்ளே வாழ்வதற்குத் தனியாக ஓர் அட்டையோ பதிவோ பெற வேண்டும். இலங்கைத் தமிழில் இதற்கு 'வதிவிட அனுமதி' என்ற நல்ல சொல் புழக்கத்தில் இருக்கிறது. வதிதல் என்றால் தங்கி வாழ்தல். உள்ளே வருவதைக் 'குடிவரவு' என்றும் வெளியே போவதைக் 'குடியகல்வு' என்றும் அங்கே அரசுத் திணைக்களத்தின் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். இரண்டையும் 'குடியேற்றம்' என்ற ஒரே சொல்லில் அடைப்பதை நாமும் விட்டுவிடலாம்.