வெள்ளைத் துப்பட்டா எப்படி ஆரஞ்சானது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பேஜ் என்ற பாலைவனச் சிற்றூருக்கு அருகே உள்ளது ஆன்டலோப் கேன்யன் என்ற குறுகிய பாறை இடுக்கு. அங்கே ஒரு குழுவோடு நடந்துவிட்டு வந்த வாசகி எழுதுகிறார்: "வெளியே பாறை வெளிறிப்போன செம்மண் நிறம்தான். உள்ளே போனால் தணலாக ஜொலிக்கிறது. படங்களில் நிறத்தைக் கூட்டிக் காட்டுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் என் வெள்ளைத் துப்பட்டாகூட உள்ளே ஆரஞ்சாகத் தெரிந்ததே, எப்படி?"

துப்பட்டாவைக் கவனித்தாரே, அதற்கே அவரைப் பாராட்ட வேண்டும். விடை அதில்தான் இருக்கிறது.

முதலில் நடையைப் பற்றி. மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் தாராளமாகப் போகலாம். மேல் கேன்யன், கீழ் கேன்யன் என அங்கே இரண்டு பகுதிகள் உண்டு. மேல் கேன்யனில் தரை சமமான மணல். கீழ் கேன்யனில் இரும்புப் படிக்கட்டுகளில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். இரண்டும் நவஹோ பழங்குடி மக்களின் நிலம். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று, தொலைவில் எங்கோ பெய்த மழை காட்டாற்று வெள்ளமாகக் கீழ் கேன்யனுக்குள் பாய்ந்து 11 பேரின் உயிரைக் குடித்தது. குற்றாலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும், மலைமேல் கொட்டிய மழையில் அருவி பெருக்கெடுத்துவிடும். வானம் நீலமாக இருக்கும்போது வழிகாட்டி "இன்று முடியாது" என்றால், டிக்கெட் பணத்தை நினைத்து வாதாடாதீர்கள்.

மேல் கேன்யனுக்கு நவஹோ மொழியில் உள்ள பெயரின் பொருள், 'பாறைகளினூடே நீர் ஓடும் இடம்'. உருவான கதை முழுவதும் அந்தப் பெயரில் இருக்கிறது. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் மணற்குன்றுகளாக இருந்தவை இறுகிக் கல்லாயின. அந்தக் கல்லை மணல் கலந்த வெள்ளம் அராவி அராவி, மேலே குறுகலாகவும் உள்ளே வளைந்து நெளிந்தும் ஓர் இடுக்காக்கிவிட்டது. மணல்மணி ஒவ்வொன்றின்மேலும் இரும்பு ஆக்சைடு, அதாவது துரு, மெல்லிய பூச்சாக இருக்கிறது. துரு நீல ஒளியை விழுங்கும். சிவப்பைப் பெருமளவு திருப்பி அனுப்பும்.

இனி கணக்கு. புரிந்துகொள்வதற்காக, 100 பங்கு சிவப்பில் 60 பங்கும், 100 பங்கு நீலத்தில் 20 பங்கும் சுவரில் பட்டுத் திரும்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். வெட்டவெளியில் கதை அத்தோடு முடிந்தது. ஒருமுறை பட்ட ஒளி நேரே நம் கண்ணுக்கு வந்துவிடும். சிவப்பு நீலத்தைப்போல் 3 மடங்கு. இடுக்குக்குள்ளோ, இந்தச் சுவரில் பட்ட ஒளி எதிர்ச்சுவருக்குப் போகிறது. அங்கே சிவப்பு 36, நீலம் 4. இப்போது 9 மடங்கு. மூன்றாவது சுவரில் சிவப்பு ஏறக்குறைய 22, நீலம் ஒன்றுகூட இல்லை, 27 மடங்கு! பள்ளியில் படித்த பெருக்குத்தொடர் பாறைமேல் எழுதப்பட்டிருக்கிறது. சுவர் மாறவில்லை, சுவருக்கு வரும் வெளிச்சமே மாறிவிட்டது. அந்த வெளிச்சம்தான் துப்பட்டாவிலும் விழுந்தது.

இதைப் பார்க்க அரிசோனாவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தேய்த்து வைத்த செப்புக் குடத்தை வெயிலில் வைத்து வாய்வழியே எட்டிப் பாருங்கள். வெளிப்புறத்தைவிட உட்புறம் ஆழ்ந்த சிவப்பாக இருக்கும். அரக்குப் பட்டுப்புடவையின் மடிப்புக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது.

பாறைக்குள் ஏதோ அதிர்வலை, ஆற்றல் சுழல் என்று விற்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஒரு குடமும் கொஞ்சம் வெயிலும் போதும் என்ற பாடத்தை நம் பள்ளிகளில் குழந்தைகளின் கையால் செய்ய வைக்காமல், தேர்வுத்தாளில் மட்டும் ஒளியியல் கேட்டுக்கொண்டிருப்பதில் அதைவிடக் கோபம் அதிகம்.

ஊதா நிறம் தெரிந்ததையும் வாசகி குறிப்பிட்டிருக்கிறார். மேலே திறந்த இடங்களில் நீலவானத்தின் ஒளி நேராக இறங்குகிறது. அதோடு, கண் கொழுந்துவிடும் ஆரஞ்சைப் பார்த்துப் பழகியபின், பக்கத்திலுள்ள மங்கிய சாம்பல் நிறமும் ஊதாவாகத் தோன்றும்.

கோடையில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வரும்போது, மேல் கேன்யனுக்குள் ஒளித்தூண் இறங்கும். கூட்டம் முழுவதும் அதைப் படமெடுக்க முண்டியடிக்கும். அது எந்தச் சுவரிலும் படாமல் வந்த சூரிய ஒளி, வெள்ளையாகத்தான் இருக்கும். அடுத்த முறை போகிறவர்கள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துச் செல்லுங்கள். முதலில் அந்தத் தூணில் நீட்டுங்கள். பிறகு வளைவுக்கு வளைவு நிறுத்தி, தாள் மெல்ல மெல்லச் சிவப்பதைப் பாருங்கள்.