ஒரே உறையில் இரண்டு கடிதம்

போன பொங்கலுக்கு, சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சின்னதாக ஒரு நிகழ்ச்சி வைத்தோம். செயலாளர் அக்கா எல்லாருக்கும் மின்னஞ்சலில் அழைப்பு அனுப்பினார். கடைசி நேரத்தில் நேரம் மாறிவிட்டது. அக்கா பழைய மடலையே எடுத்து, “மாலை 6 மணி” என்பதைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் “7 மணி” என்று சேர்த்து மறுபடி அனுப்பினார். தோ பாயோவிலிருந்து வரும் அண்ணன் ஒருவர் ஆறு மணிக்கே வந்து, நாற்காலிகூட இறக்காத இடத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்தார். அவர் கைபேசியை வாங்கிப் பார்த்தேன். “மாலை 6 மணி 7 மணி” என்று இருந்தது. கோடும் இல்லை, சிவப்பும் இல்லை. ஆறிலிருந்து ஏழு வரை நிகழ்ச்சி என்று அவர் எடுத்துக்கொண்டதில் ஒரு தப்பும் இல்லை.

அவர் தம் மின்னஞ்சல் செயலியை எளிய உரை மட்டும், அதாவது நிறமோ தடிமனோ இல்லாத வெறும் எழுத்தை மட்டும் காட்டும்படி வைத்திருக்கிறார். அப்படியென்றால் அக்காவின் மடலை அந்தச் செயலி வெட்டிச் சிதைத்துவிட்டதா? அதுதான் இல்லை. அவர் படித்த அந்த வரியும் அக்கா அனுப்பிய மடலுக்குள்ளேயே இருந்தது.

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, ஏதாவது ஒரு மடலின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி, அசலைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நிறத்தோடும் தடித்த எழுத்தோடும் எழுதிய மடல் பெரும்பாலும் ஒரே உறைக்குள் இரண்டு கடிதங்களாகத்தான் கிடக்கும். முதலில் வெறும் எழுத்து மட்டும் உள்ள ஒன்று. அடுத்து அதே செய்தி எச்டிஎம்எல் வடிவில், அதாவது இணையப் பக்கங்களை எழுதும் அதே மொழியில். நடுவே வேலி போல ஒரு நீளமான குறியீட்டு வரி. வாங்கும் செயலி இரண்டையும் பார்த்து, தனக்குக் காட்டத் தெரிந்ததில் கடைசியாக வருவதை எடுத்துக்கொள்ளும். எளியது முன்னால், அலங்காரமானது பின்னால் என்ற வரிசை அதற்காகவே. எளிய பகுதியை நாம் யாரும் கையால் எழுதுவதில்லை. அனுப்பும் நேரத்தில் மென்பொருளே தயார் செய்கிறது. அதனால்தான் அக்காவின் கண்ணில் அது படவே இல்லை.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பழைய நெருக்கடி இருக்கிறது. 1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலையமைப்பு வழியாக முதல் மடலை அனுப்பினார். 1982இல் மடல் போக்குவரத்துக்கு விதிமுறை எழுதியபோது, ஆஸ்கி என்ற 128 குறிகளுக்கு மட்டுமே இடம் வைத்தார்கள். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறிகள், அவ்வளவுதான். படத்துக்கு வழியில்லை, தமிழுக்கும் இல்லை. 1992இல் நத்தேனியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் மைம் என்ற முறையை வெளியிட்டார்கள். பழைய குழாயை உடைக்காமல், அதில் போகக்கூடிய பொட்டலமாக எதையும் கட்டித்தரும் முறை அது. ஒரே உறையில் இரண்டு கடிதம் வைக்கும் வசதியும் அதில் வந்ததுதான். எளிய உரை மட்டும் தெரிந்த கணினியும் கைவிடப்படக் கூடாது என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். அந்த அக்கறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம் மொழிக்கு இந்தக் கதையில் தனி அத்தியாயமே உண்டு. இங்கே தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த நா. கோவிந்தசாமி, தம் கணியன் முறையைக் கொண்டு 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டிய காலம் அது. கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும். அப்போதைய தமிழ் எழுத்துருக்களில் பல, ஆங்கில எழுத்துகளுக்கான எண்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. எளிய உரை மடல் எண்களை மட்டும்தான் சுமக்கும், எழுத்துருவின் பெயரைச் சுமக்காது. ஆகவே இங்கிருந்து தமிழில் எழுதிய மடல், போய்ச் சேர்ந்த இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். அங்கே இருப்பவர் அதே எழுத்துருவைத் தம் கணினியில் ஏற்றி, தாமே தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் தெரியும். வடிவமைத்த மடலில் எழுத்துருவின் பெயரும் கூடவே போகும் என்பதால் கொஞ்சம் பரவாயில்லை. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு எளியதா, வடிவமைத்ததா என்பது அழகு பற்றிய கேள்வி. நமக்கோ அன்றைக்கு அது மடலைப் படிக்க முடியுமா முடியாதா என்ற கேள்வி.

யுனிகோடு பரவிய பிறகு அந்தக் கவலை போயிற்று. தமிழின் அடிப்படை எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தனித்தனி எண் கிடைத்துவிட்டதால், எளிய உரையிலேயே தமிழ் பத்திரமாகப் போகிறது. ஆனாலும் அந்தப் பழைய குழாய்க்காகச் செய்யும் பொட்டலம் இன்னும் இருக்கிறது. ‘வணக்கம்’ என்ற சொல்லைப் பாருங்கள். வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு குறிகள். யுனிகோடு எண்களைக் கணினியில் பதிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு), ஆக 21. இதை, எதையும் ஆஸ்கி எழுத்துகளாகவே மாற்றித்தரும் பேஸ்-64 என்ற முறையில் பொட்டலம் கட்டினால், மூன்று பைட் நாலு எழுத்தாகி 28 ஆகும். தமிழ் மடலின் அசலில் புரியாத கட்டமாகத் தெரிவது இதுதான். அதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ‘வணக்கம்’ என்று தொடங்கும் பொட்டலத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் முதலில் 4, அப்புறம் ஆங்கில எழுத்து கே என்றே ஆரம்பிக்கும். இடைவெளிக்கு ஒரே பைட்தான் என்பதால், ஓர் இடைவெளி வந்தால் இந்த அடுக்கு நகர்ந்துவிடும். மூன்று இடைவெளி தாண்டினால் மறுபடி 4, கே வரிசை திரும்பிவிடும். இதை முதல் தடவை கண்டுபிடித்த இரவு, பழைய மடல்களை ஒவ்வொன்றாகத் திறந்து இந்தத் தடத்தைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

சரி, எழுதும்போது வடிவமைத்த மடலிலிருந்து எளிய உரைக்கோ, அங்கிருந்து திரும்பியோ மாறினால் என்ன நடக்கிறது? வடிவமைத்த மடலில் நீங்கள் தடிமன் பொத்தானை அழுத்தியதும், அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒரு குறி விழுகிறது. எளிய உரைக்கு மாற்றினால் மென்பொருள் அந்தக் குறிகளையெல்லாம் உருவிவிட்டு எழுத்தை மட்டும் மிச்சம் வைக்கும். தடித்த சொல்லைச் சில மென்பொருள்கள் இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே வைக்கும், சில அதுவும் செய்யாது. அட்டவணையின் கட்டங்கள் கலைந்து ஒரே ஓட்டமாகிவிடும். திரும்பவும் வடிவமைப்புக்கு வந்தால் பழைய நிறங்கள் கிடைக்காது, ஏனென்றால் எங்கே என்ன நிறம் இருந்தது என்ற குறிப்பே இப்போது மடலில் இல்லை.

மாற்றும் இடம் ஜிமெயிலில் எழுதும் பெட்டியின் கீழே உள்ள மூன்று புள்ளிகளுக்குள் இருக்கிறது. தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு பதில் பொத்தானை அழுத்த வேண்டும். மைக்ரோசாஃப்டின் அவுட்லுக், எளிய உரையில் வந்த மடலுக்கு எளிய உரையிலேயே பதில் எழுத வைக்கும். தடிமன் பொத்தான் சில சமயம் மங்கிப்போய் வேலை செய்யாததற்கு இதுவே காரணம்.

தோ பாயோ அண்ணனிடம், ஏன் இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “மோசடி மெயிலுக்குப் பயந்துதான் தம்பி” என்றார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. வடிவமைத்த மடலில், கண்ணுக்கு வங்கியின் முகவரியைக் காட்டிவிட்டு, தொட்டால் வேறெங்கோ போகும் இணைப்பை வைக்க முடியும். கண்ணுக்கே தெரியாத ஒரு துளிப் படத்தை வைத்து, நீங்கள் மடலைத் திறந்ததை அனுப்பியவர் தெரிந்துகொள்ளவும் முடியும். எளிய உரையில் இரண்டுக்கும் இடமில்லை, முகவரி உள்ளது உள்ளபடி தெரியும். 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும், வாடிக்கையாளருக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் தொடக்கூடிய இணைப்புகளே இருக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு ஏற்பாடு செய்தது நினைவிருக்கலாம்.

அக்காவிடம் அவர் மடலின் அசலைத் திறந்து, உள்ளே இருந்த அந்த எளிய உரைக் கடிதத்தைக் காட்டினேன். பேசாமல் இரண்டு தடவை படித்தார். அடுத்த நிகழ்ச்சிக்கும் நேரம் மாறியது. இந்தத் தடவை மடலின் முதல் வரியிலேயே எழுதியிருந்தார்: “நேரம் மாறிவிட்டது. 6 மணிக்கு இல்லை, 7 மணிக்கு வாருங்கள்.” சிவப்பும் போட்டிருந்தார். அண்ணன் ஏழுக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்து சேர்ந்தார்.